அடுக்குக் கண்ணாடி விளிம்படைப்பு

அடுக்குக் கண்ணாடி விளிம்படைப்பு என்பது, தானுந்துகளின் முகப்புக் கண்ணாடியாகப் பயன்படும் அடுக்குக் கண்ணாடியின் வெட்டு விளிம்பில் நீரும் கரைப்பான்களும் புகாதவாறு, அவ்விளிம்பைப் பொருத்தமான பொருளொன்றால் மூடும் வேலையாகும். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும்போது இது பெரும்பாலும் இரண்டு சூழல்களில் தேவைப்படுகின்றது. ஒன்று, வண்டியுடன் வந்த மூலக் கண்ணாடியைக் கழற்றி மீண்டும் பொருத்துதல். மற்றொன்று, தட்டையான அடுக்குக் கண்ணாடித் தாளிலிருந்து புதிய முகப்புக் கண்ணாடியை வெட்டி எடுத்தல்.

விளிம்படைப்பு ஒரு தடுப்பு வேலை மட்டுமே. ஏற்கனவே பிரிந்துவிட்ட அடுக்குகளை இது மீண்டும் ஒட்டுவதில்லை. தவறான பொருளைக் கொண்டு செய்தால், தடுக்க வேண்டிய பழுதையே இது விரைவுபடுத்தவும் கூடும். உடையும்போது கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது இடையடுக்கே என்பதால், இது தோற்றத்தை மட்டுமன்றிப் பயணிகளின் பாதுகாப்பையும் சார்ந்தது.

அடுக்குக் கண்ணாடியின் அமைப்பு

அடுக்குக் கண்ணாடியில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய நெகிழிப் படலம் உள்ளது. இது இடையடுக்கு எனப்படும். இன்று பெரும்பாலும் பயன்படுவது பாலிவினைல் பியூட்டிரல் என்னும் பல்லுறுப்பியாகும். இது சுருக்கமாக பி.வி.பி. எனப்படுகின்றது. தட்டைக் கண்ணாடிகளின் தடிப்பைக் குறிக்கும் எண்ணிலிருந்தே அதன் அமைப்பை அறியலாம். எடுத்துக்காட்டாக, 6.38 மி.மீ. கண்ணாடி என்பது 3 மி.மீ. தடிப்புள்ள இரண்டு தகடுகளையும் 0.38 மி.மீ. இடையடுக்கையும் கொண்டது. தானுந்து முகப்புக் கண்ணாடிகளில் 0.76 மி.மீ. இடையடுக்கு வழக்கமாக உள்ளது.

பி.வி.பி. மூலக்கூறில் ஐதராக்சில் தொகுதிகள் உள்ளன. இவை கண்ணாடிப் பரப்பிலுள்ள சிலனோல் தொகுதிகளுடன் ஐதரசன் பிணைப்புகளை உருவாக்குகின்றன. கண்ணாடியும் நெகிழியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். படலம் விறைப்பாக இல்லாமல் இழுபடக்கூடியதாக இருப்பதற்காக அதில் நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற நீர்மமும் கலக்கப்படுகின்றது. அடுக்குகள் முதலில் உருளைகளாலோ வெற்றிடத்தாலோ அழுத்தப்பட்டு, பின்னர் ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்தக்கலனில் ஏறத்தாழ 140 பாகை செல்சியசு வெப்பநிலையில் உயர் அழுத்தத்தில் வைக்கப்படுகின்றன. இவ்வசதி பட்டறைகளில் இல்லாததால், பிரிந்த அடுக்குகளை அங்கே மீண்டும் ஒட்டுவது இயலாததாகின்றது.

வரலாறு

பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டசு 1909 ஆம் ஆண்டில் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை கோரினார். செல்லுலோசு நைத்திரேட்டுப் படலம் உலர்ந்திருந்த ஒரு குடுவை கீழே விழுந்தும் சிதறாமல் இருந்ததைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகின்றது. முதலாம் உலகப் போரில் நச்சுவளி முகமூடிகளின் கண்பகுதியில் இக்கண்ணாடி பயன்பட்டது. 1927 ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான ஃபோர்டு மாடல் ஏ வண்டியின் முகப்பில் அடுக்குக் கண்ணாடி பொருத்தப்பட்டிருந்தது.

தொடக்ககால இடையடுக்கான செல்லுலோசு நைத்திரேட்டு சூரிய ஒளியில் மஞ்சளாகி, நொறுங்கும் தன்மை அடைந்தது. 1930களில் அதற்கு மாற்றாக வந்த செல்லுலோசு அசிட்டேட்டு மஞ்சளாவது குறைவு. ஆனால் ஈரத்தை எளிதில் ஏற்றது. ஆகவே அக்காலத்தில் விளிம்படைப்பு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட ஒரு கட்டமாக இருந்தது. விளிம்பிலிருந்து சிறிதளவு இடையடுக்கை நீக்கி, அவ்விடைவெளியில் நீர்புகாப் பொருளை நிரப்பினர். 1930களின் இறுதியில் பி.வி.பி. பயன்பாட்டுக்கு வந்தபின் இக்கட்டம் தேவையற்றதாகி, தொழிற்சாலைகளில் கைவிடப்பட்டது.

இவ்வரலாறு புதுப்பிப்பவருக்கு ஒரு செய்தியைத் தருகின்றது. பி.வி.பி. கண்ணாடி நல்ல சட்டத்தில், தண்ணீர் தேங்காத நிலையில், தனி அடைப்பு இல்லாமலே பல ஆண்டுகள் நிலைக்கக்கூடியது. பழைய வண்டியில் ரப்பர் வெடித்து, சட்டம் துருவேறி, நீர் தேங்கும் நிலை ஏற்படுவதாலேயே விளிம்படைப்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டியுள்ளது.

விளிம்பு பழுதடையும் முறை

கண்ணாடியின் இரு முகங்கள் வழியாக நீர் புகுவதில்லை. இடையடுக்கு வெளிக்காற்றைத் தொடும் ஒரே இடம் விளிம்பாகும். பழுது அங்கிருந்து உள்நோக்கிப் பரவுவதற்குப் பின்வருவன காரணங்களாகின்றன.

* ஈரம்: நீர் மூலக்கூறுகள் இடையடுக்கினுள் ஊடுருவி, கண்ணாடிக்கும் பி.வி.பி.க்கும் இடையிலான ஐதரசன் பிணைப்புகளுக்குப் போட்டியாக நிற்கின்றன. இதனால் ஒட்டும் வலிமை குறைகின்றது. ஈரம் மிகும்போது இடையடுக்கு பால் போல வெண்மையாகத் தோன்றும்.
* கரைப்பான்கள்: பி.வி.பி. எத்தனால், ஐசோபுரோப்பைல் ஆல்ககால் போன்ற ஆல்ககால்களில் கரையக்கூடியது. தின்னர், நகப்பூச்சு ஆகியவற்றிலுள்ள எசுத்தர்களும் கீற்றோன்களும் அதைத் தாக்குகின்றன.
* எண்ணெய்கள்: எண்ணெய் சேர்ந்த மக்குகளும் சில அடைபொருட்களும் இடையடுக்கின் நெகிழ்வூட்டியுடன் இடம் மாறிக்கொள்கின்றன. விளிம்பு மென்மையாகி ஒழுகலாம். அல்லது சுருங்கி விறைக்கலாம்.
* தகைவு: சட்டம் கோணலாக இருந்தாலோ, துரு கண்ணாடியை அழுத்தினாலோ இரு தகடுகளும் ஒன்றிலிருந்து ஒன்று விலக முயல்கின்றன.

அடுக்குகள் சிறிதளவு பிரிந்தவுடன் அங்கு ஒரு நுண்ணிய பிளவு தோன்றுகின்றது. நுண்புழை விளைவால் நீர் அதனுள் இழுக்கப்படுவதால், அதன்பின் பழுது முன்னைவிட விரைவாகப் பரவுகின்றது.

கண்ணாடியின் வகையை உறுதிசெய்தல்

வேலையைத் தொடங்குமுன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடிதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். 1950களிலும் 1960களிலும் வெளிவந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் டெம்பர்டு கிளாசு எனப் பட்டறைகளில் அழைக்கப்படும் கடினமாக்கிய கண்ணாடியே முகப்பில் இருந்தது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், அது நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் உற்பத்தியாகும் வண்டிகளின் முகப்பில் அடுக்குக் கண்ணாடி இருக்க வேண்டும் என்றது. ஆகவே அதற்கு முற்பட்ட வண்டிகளில் இரு வகைகளையும் எதிர்பார்க்கலாம்.

அடுக்குக் கண்ணாடியின் விளிம்பை நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு போல இடையடுக்கு தெரியும். கடினமாக்கிய கண்ணாடியில் அக்கோடு இராது. முனைவாக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் புள்ளிகளோ பட்டைகளோ தெரியலாம். மூலையிலுள்ள உற்பத்தியாளர் முத்திரையும் வகையைக் குறிப்பிடுவதுண்டு. கடினமாக்கிய கண்ணாடிக்கு விளிம்படைப்பு தேவையில்லை. அதன் விளிம்பைச் சாணை பிடிக்க முயன்றால் கண்ணாடி முழுவதும் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும்.

பழுதின் அடையாளங்கள்

1. விளிம்போரம் வெண்மை: ஈரத்தால் ஏற்பட்டது. அடுக்குகள் பிரியாதவரை, உலர்ந்தால் பெருமளவு மறையக்கூடும்.
2. குமிழிகள், விரல் அல்லது இலை வடிவத் திட்டுகள்: அடுக்குகள் பிரிந்துவிட்டன. இது மீளாது.
3. மஞ்சள் அல்லது பழுப்பு நிறம்: பழைய செல்லுலோசு இடையடுக்கில் பொதுவாகக் காணப்படும். இதுவும் மீளாது.
4. விளிம்பில் சில்லுப் பெயர்வு: இங்கிருந்து விரிசல் தொடங்கலாம். கண்ணாடியின் வலிமை அதன் பரப்பிலும் விளிம்பிலும் உள்ள நுண்விரிசல்களைப் பொறுத்தது என்பதை 1921 ஆம் ஆண்டில் வெளியான ஏ. ஏ. கிரிஃபித்தின் ஆய்வு விளக்கியது.

திட்டுகளின் எல்லையை மாஸ்கிங் டேப்பால் குறித்து, நாளிட்டு, சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அளந்தால் பழுது பரவுகின்றதா, நின்றுவிட்டதா என்பது தெரியவரும்.

அடைபொருட்கள்

சீலன்ட் என வழங்கும் அடைபொருட்களில் பல, கடைகளில் ஒன்றுபோலவே தோன்றினாலும் இடையடுக்கின்மீது அவற்றின் விளைவு வேறுபடுகின்றது.

* அசிட்டிக் அமிலம் வெளியிடும் சிலிக்கோன்: குளியலறைகளுக்கு விற்கப்படும் மலிவான சிலிக்கோன்கள் பல இவ்வகையின. இறுகும்போது வினிகர் மணம் வீசுவதால் எளிதில் அறியலாம். வெளியாகும் அமிலம் இடையடுக்கைப் பாதிப்பதுடன் இரும்புச் சட்டத்தையும் அரிக்கும். ஆகவே தவிர்க்கப்பட வேண்டும்.
* நடுநிலைச் சிலிக்கோன்: அமிலம் வெளியிடாதது. புற ஊதாக் கதிரைத் தாங்கும். அடுக்குக் கண்ணாடிக்கு ஏற்றது என உற்பத்தியாளர் குறிப்பிட்டிருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மலிவு வகைகளில் எண்ணெய் கலந்திருக்கக்கூடும்.
* பாலியூரித்தேன்: ஒட்டிப் பொருத்தப்படும் முகப்புக் கண்ணாடிகளுக்குரியது. கண்ணாடியுடன் நன்கு ஒட்டும். சூரிய ஒளியில் சிதைவதால், அதற்குரிய கருப்பு முதற்பூச்சு அல்லது மறைப்பு தேவை.
* பியூட்டைல் பட்டை: இறுகாத, ஒட்டும் தன்மையுள்ள ரப்பர். கரைப்பான் இல்லாத வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
* ஆளிவிதை எண்ணெய் மக்கு, கரைப்பானில் கரைத்த தார், நகப்பூச்சு, தின்னர் கலந்த வண்ணப்பூச்சு: இவற்றிலுள்ள எண்ணெயோ கரைப்பானோ இடையடுக்கைத் தாக்கும். பழைய பட்டறை வழக்கில் இவை இருந்தாலும் பி.வி.பி. விளிம்பில் நேரடியாகப் படக்கூடாது.

சிலிக்கோன் நீர்த்துளியைத் தடுக்கும்; ஆனால் நீராவியை எளிதில் ஊடுருவ விடும். பியூட்டைல் ரப்பர் நீராவியையும் பெருமளவு தடுக்கும். எனவே சிலிக்கோன் பூசிய விளிம்பு நீரில் ஊறிக்கிடந்தால் காலப்போக்கில் ஈரம் உள்ளே செல்லும். எந்த அடைப்பும் வடிகாலுக்கு மாற்றாகாது.

பொருளின் தன்மையில் ஐயம் இருந்தால், அதே வகை அடுக்குக் கண்ணாடித் துண்டொன்றின் விளிம்பில் அதைப் பூசி, வெதுவெதுப்பான இடத்தில் சில வாரங்கள் வைத்து, பூசாத துண்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளிம்பில் மங்கலோ குமிழியோ தோன்றினால் அப்பொருள் ஏற்றதன்று.

செய்முறை

பின்வரும் முறை, ரப்பர் பீடிங்கால் அல்லது உலோகச் சட்டத்தால் பிடிக்கப்படும் கண்ணாடிகளுக்கு உரியது.

1. கழற்றுதல்: முதுமையடைந்த பீடிங்கை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதைக் காப்பாற்ற எண்ணிக் கண்ணாடியை நெம்பினால் விளிம்பு சில்லாகும்.

2. துப்புரவாக்கல்: பழைய மக்கை நெகிழிச் சுரண்டியால் நீக்க வேண்டும். கண்ணாடியின் முகங்களைச் சிறிதளவு ஆல்ககால் நனைத்த துணியால் துடைக்கலாம். பி.வி.பி. ஆல்ககாலில் கரையும் என்பதால் விளிம்பில் அதை ஊற்றவோ ஊறவிடவோ கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியன அறவே தவிர்க்கப்பட வேண்டும்.

3. விளிம்பை மழுக்குதல்: கூரிய ஓரங்களையும் சிறு சில்லுகளையும் சிலிக்கன் கார்பைடு நீர்த்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தேய்ப்பு விளிம்பின் நீளவாக்கில் இருப்பது நல்லது. கண்ணாடித் தூள் பறக்காமலிருக்கத் தாளை ஈரமாக்குவது வழக்கம்; ஆகவே உலர்த்துதல் இதற்குப் பின்னரே வரவேண்டும்.

4. உலர்த்துதல்: இது பெரும்பாலும் அவசரத்தில் விட்டுவிடப்படும் கட்டமாகும். ஈரமான இடையடுக்கின்மீது அடைபொருளைப் பூசினால், உள்ளே சென்ற ஈரம் வெளியேறும் வழி தடைபடுகின்றது. காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில், கண்ணாடியை மரக்கட்டைகள்மீது நிமிர்த்தி வைத்து உலரவிட வேண்டும். ஈரம் நகரும் நேரம் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. 10 மி.மீ. ஆழத்திற்குச் சென்ற ஈரம் வெளியேற, 5 மி.மீ. ஆழத்திற்குச் சென்றதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் ஆகும். எனவே நாட்கணக்கில் அன்றி வாரக்கணக்கிலும் காத்திருக்க நேரலாம். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் விரைவுபடுத்தினால் சீரற்ற வெப்பத்தால் கண்ணாடி விரிசலடையலாம். இடையடுக்கில் குமிழிகளும் தோன்றலாம்.

5. மறைத்தல்: இரு முகங்களிலும் விளிம்பிலிருந்து 3 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். பூச்சு பீடிங்கின் உதட்டுக்குள் மறையும் அளவைத் தாண்டக்கூடாது.

6. பூசுதல்: அடைபொருளை விளிம்பில் மெல்லிய இழையாக இட்டு, கையுறை அணிந்த விரலால் அல்லது நெகிழித் தகட்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். விளிம்பையும் இரு ஓரங்களையும் தொப்பி போல மூடும் மெல்லிய படலமே போதுமானது. தடித்தால் கண்ணாடி பீடிங்கில் அமராது. பிளவுக்குள் ஊசியால் பொருளைச் செலுத்துவது அடுக்குகளை மேலும் விலக்கக்கூடும்.

7. இறுகவிடுதல்: டேப்பை உடனே உரித்துவிட்டு, பொருள் முழுவதும் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஒற்றைக் கூறு அடைபொருட்கள் காற்றின் ஈரத்தால் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி இறுகுகின்றன. இதன் வேகம் பொதுவாக நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் அளவே.

8. பொருத்துதல்: புதிய பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, உள்ளிருந்து கயிற்றை இழுத்து உதட்டைச் சட்டத்தின்மீது ஏற்றுவது வழக்கமான முறையாகும். உயவாகச் சோப்பு நீர் போதும். கிரீசோ எண்ணெயோ கூடாது.

சிலிக்கோன் வேலையை வண்ணப்பூச்சு முடிந்த பின்னரோ, பூச்சு அறைக்கு வெளியிலோ செய்வது நல்லது. அதன் எச்சம் உடற்பகுதியில் பட்டால் வண்ணம் அங்கே பற்றாமல் குழிகள் விழும்.

ஒட்டிப் பொருத்தப்படும் கண்ணாடிகள்

பாலியூரித்தேனால் உடலோடு ஒட்டப்படும் முகப்புக் கண்ணாடிகளுக்கு மேற்கூறிய சிலிக்கோன் முறை பொருந்தாது. சிலிக்கோன் படிந்த இடத்தில் பாலியூரித்தேன் ஒட்டாது. இத்தகைய வண்டிகளில் கண்ணாடி கூரையின் விறைப்புக்கும் துணைசெய்கின்றது. காற்றுப்பை உள்ள பல வண்டிகளில் பயணியின் பை விரியும்போது கண்ணாடியில் சாய்கின்றது. ஆகவே ஒட்டும் பொருளின் உற்பத்தியாளர் தரும் முதற்பூச்சு முறையை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

சட்டமும் வடிகாலும்

கண்ணாடியின் கீழ்விளிம்பே பெரும்பாலும் முதலில் பழுதடைகின்றது. மேலிருந்து வடியும் நீர் பீடிங்கின் பள்ளத்தில் தேங்குவதே இதற்குக் காரணம். சட்டத்திலுள்ள வடிகால் துளைகள் பல வண்டிகளில் மக்காலும் வண்ணத்தாலும் அடைபட்டிருக்கும். அவற்றைத் திறந்து, நீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும்.

துருவும் முழுவதுமாக நீக்கப்பட வேண்டும். துரு, அது தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், கண்ணாடியை ஓரிடத்தில் அழுத்தி விரிசலை உண்டாக்கும். கண்ணாடி எவ்விடத்திலும் வெற்று உலோகத்தைத் தொடாதவாறு ரப்பர்த் துண்டுகள்மீது அமர வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஜீப்பின் தட்டைக் கண்ணாடி

வில்லிஸ் ஜீப்பின் முகப்பில் மடக்கக்கூடிய உலோகச் சட்டமும் தட்டையான கண்ணாடியும் உள்ளன. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இவ்வகை ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. தட்டைக் கண்ணாடி என்பதால் கண்ணாடிக் கடையிலேயே தாளிலிருந்து வெட்டி வாங்க முடிகின்றது. புதுப்பிப்பவருக்கு இது வசதியானது; ஆனால் விளிம்பைப் பொறுத்தவரை இதில் ஓர் இடர் உள்ளது.

அடுக்குக் கண்ணாடியை வெட்டும்போது இரு தகடுகளிலும் கீறிட்டு உடைத்தபின், நடுவிலுள்ள நெகிழிப் படலத்தைப் பிரிக்க வேண்டும். சில கடைகளில் கீறலின்மீது ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, படலத்தை இளக்கி வெட்டுவதுண்டு. ஸ்பிரிட் ஓர் ஆல்ககால் என்பதால் அது படலத்தைக் கரைக்கின்றது. தீச்சுவாலை விளிம்பைச் சீரற்றுச் சூடாக்குகின்றது. இவ்வாறு வெட்டிய கண்ணாடி பளபளப்பாக இருந்தாலும் அதன் விளிம்பு தொடக்கத்திலேயே வலுவிழந்திருக்கலாம். கீறலை விரித்துப் பிடித்து மெல்லிய கத்தியால் படலத்தை அறுக்கும் முறையே விளிம்புக்கு நல்லது. வெட்டும் முறையைக் கடையில் முன்னரே கேட்டறிவது பயன்தரும். வெட்டியபின் விளிம்பை மழுக்கி, உலர்த்தி, அடைத்து, சட்டத்தில் ரப்பர்ப் பட்டையுடன் பொருத்த வேண்டும்.

மூடுவதா, மாற்றுவதா

மூலக் கண்ணாடியின் முத்திரையும் நாட்குறியும் பழைய வண்டி ஆர்வலர்களால் மதிக்கப்படுகின்றன. ஆயினும் சாலையில் ஓடும் வண்டியில் பாதுகாப்பே முதன்மையானது. பொதுவாகப் பின்வருமாறு முடிவு செய்யலாம்.

* விளிம்போரம் மட்டும் வெண்மை இருந்து, உலர்ந்தபின் மறைந்தால் அடைத்துப் பயன்படுத்தலாம்.
* பீடிங்குக்குள் மறையும் அளவிலான சிறு பிரிவு, வாரங்கள் கடந்தும் பரவாமல் இருந்தால் அடைத்துக் கண்காணிக்கலாம்.
* பிரிவு ஓட்டுநரின் பார்வைப் பகுதியை எட்டியிருந்தால், அல்லது விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தால் மாற்ற வேண்டும்.
* மஞ்சளாகி நொறுங்கும் செல்லுலோசு இடையடுக்கு மோதலின்போது துண்டுகளைப் பிடிக்கும் திறனை இழந்திருக்கும். அக்கண்ணாடியைக் காட்சிக்காகப் பாதுகாத்து, ஓட்டுவதற்குப் புதிய பி.வி.பி. கண்ணாடியைப் பொருத்துவதே உகந்தது.

இந்திய விதிகளின்படி முகப்புக் கண்ணாடி 70 விழுக்காட்டுக்குக் குறையாத ஒளியை ஊடுருவ விட வேண்டும். மங்கிய அல்லது நிறம் மாறிய கண்ணாடி இவ்வளவையும் எட்டாமல் போகலாம். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி இத்தகைய கண்ணாடியில் சிதறி, சாலையில் நடப்பவரை மறைத்துவிடும்.

பாதுகாப்பு

கண்ணாடியைக் கையாளும்போது தடித்த கையுறையும் கண்காப்பும் அணிய வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்க நேர்ந்தால் தூசு முகமூடி தேவை. பாலியூரித்தேன் பொருட்களில் உள்ள ஐசோசயனேட்டுகள் மூச்சுக்குழாயையும் தோலையும் பாதிக்கக்கூடியவை. காற்றோட்டமுள்ள இடத்திலேயே பயன்படுத்த வேண்டும். செல்லுலோசு நைத்திரேட்டு எளிதில் தீப்பற்றுவதால், மிகப் பழைய கண்ணாடிகளின் அருகே தீச்சுவாலையோ வெப்பக் கருவியோ கூடாது.

இவற்றையும் பார்க்க

* கடினமாக்கிய கண்ணாடி
* பாலிவினைல் பியூட்டிரல்
* சிலிக்கோன்
* துருப்பிடித்தல்